திங்கள் முதல் வேண்டர்பில்ட்: லைட்டரையும் ராக்கரையும் எப்படித் தாண்டுவது?

மெரூன்_மாறன் | ஞாயிறு, 27 ஜூன் 2021, காலை 7.40

கல்லூரிப் பேஸ்பால் தேசியத் தொடரில் டெக்சாஸை 4-3 என்று வழியனுப்பிய சந்தோஷத்தில் யாரும் சரியாகத் தூங்கியிருக்க மாட்டீர்கள். இருந்தாலும் இழையைத் திறந்து வைக்கிறேன். சீசன் முழுக்கப் பெஞ்சில் அதிகம் உட்கார்ந்திருந்த டேனர் லெகெட், ஒன்பதாவது இன்னிங்ஸில் அடித்த ஒரு சிங்கிளில் (முதல் பேஸ் வரை போகும் அடி) நம் மிசிசிப்பி ஸ்டேட்டை இறுதிக்குக் கொண்டுபோய்விட்டார். அதற்கு முன்னால் பிரேலண்ட் ஸ்கின்னர் பந்து வீசும் நேரத்தில் ஓடி இரண்டாவது பேஸைத் திருடியதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓடுவதற்காக மட்டும் உள்ளே அனுப்பப்பட்ட பையன், தன் வேலையைச் செய்துவிட்டுப் போனான்.

எதிரே நாஷ்வில்லின் வேண்டர்பில்ட் பல்கலைக்கழகம். தொடர் நடக்கும் ஒமாஹாவில் திங்கள், செவ்வாய், தேவைப்பட்டால் புதன். மூன்றில் இரண்டு ஜெயித்தால் கோப்பை நமக்கு.

திங்கள் அவர்களுடைய பிட்சர் (பந்து வீசுபவர்) ஜாக் லைட்டர்தான் வருவார். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நம் பக்கம் யார் வீசுவது, எதற்காக என்று பேசலாம். கண்மூடித்தனமான "நாமதான் ஜெயிப்போம்" பதிவுகளுக்கு வேறு இழை இருக்கிறது.

புது_புகழ் | காலை 8.05

அண்ணா, நான் இங்கே படிக்க வந்த பிறகுதான் பேஸ்பால் பார்க்கவே ஆரம்பித்தேன். ஒன்று புரியவில்லை. தொடரின் அந்தப் பாதியில் நார்த் கரோலினா ஸ்டேட் (என்சி ஸ்டேட்) அணிதானே முன்னால் இருந்தது? வேண்டர்பில்ட் அவர்களிடம் தோற்ற அணி இல்லையா? எப்படி இவர்கள் வந்தார்கள்?

ஸ்டார்க்வில்_செல்வி | காலை 8.22

புகழ் தம்பி, நியாயமான கேள்வி. என்சி ஸ்டேட் ஸ்டான்ஃபோர்டை 10-4, வேண்டர்பில்ட்டை 1-0 என்று அடித்துவிட்டு, இன்னும் ஒரே ஒரு வெற்றி போதும் என்ற நிலையில் இருந்தது. வெள்ளிக்கிழமை கோவிட் விதிகளால் அவர்கள் டக்அவுட்டில் (வீரர்கள் உட்காரும் இடம்) மிஞ்சியது 13 பேர். ஆட்டமே ஒரு மணி நேரம் தள்ளித்தான் தொடங்கியது. அந்த 13 பேரை வைத்துக்கொண்டு 3-1 வரைக்கும் இழுத்தார்கள். தோற்றாலும் சனிக்கிழமை இன்னொரு ஆட்டம் பாக்கி இருந்தது. ஆனால் அன்று நள்ளிரவு தாண்டி, கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ ஓர் அறிக்கை விட்டது: சனிக்கிழமை ஆட்டம் நடக்காது, வேண்டர்பில்ட் இறுதிக்குப் போகிறது.

இத்தனைக்கும் நாட்டின் முதல் இடத்தில் இருந்த ஆர்கன்சாவை அவர்கள் ஊரிலேயே தோற்கடித்து ஒமாஹா வந்த அணி என்சி ஸ்டேட். அந்தத் தொடரின் முதல் ஆட்டத்தில் 21-2 என்று உதை வாங்கிவிட்டு, அடுத்த இரண்டையும் ஜெயித்தவர்கள். அப்படிப்பட்ட பையன்களைப் பாதி ராத்திரியில் பெட்டி கட்டச் சொன்னார்கள்.

பழைய_புல்டாக் | காலை 8.31

அக்கா சொன்னதை நான் ஒரே வரியில் சொல்கிறேன். பின்வாசல் வழியாக வந்த அணி. நாம் சனிக்கிழமை ராத்திரி வரை டெக்சாஸோடு மல்லுக்கட்டிப் பிட்சர்களைச் செலவழித்தோம். அவர்கள் ஹோட்டலில் காலை நீட்டி உட்கார்ந்து அதை டிவியில் பார்த்தார்கள். இதற்குப் பெயர் இறுதிப் போட்டியா?

நாஷ்வில்_நந்தா | காலை 8.50

எதிரணி ரசிகன் வந்திருக்கிறேன், கல்லெறிய வேண்டாம். என்சி ஸ்டேட் பையன்களுக்கு நடந்ததில் எங்களுக்கும் சந்தோஷம் இல்லை. ஆட்டம் ஆடித் தோற்றிருந்தால்கூட ஏற்றுக்கொண்டிருப்போம். ஆனால் பெரியவரே, வெள்ளிக்கிழமை எங்கள் பிட்சர் குமார் ராக்கர் வீசிய ஆறு இன்னிங்ஸில் 11 ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டர் வெளியேறுவது). எதிரே முழு அணி நின்றிருந்தாலும் அது லேசான வேலை இல்லை. நாங்கள் பின்வாசலில் வந்தோம் என்று நம்பிக்கொண்டு திங்கள் வந்து உட்காருங்கள், எங்களுக்கு நல்லதுதான்.

பழைய_புல்டாக் | காலை 8.58

முதலில் உங்கள் ஊர் விசிலடிப்பவரை வாயை மூடச் சொல்லுங்கள் நந்தா, அப்புறம் பேசலாம். நாங்கள் ஆட்டத்தில் அடிக்கும் மாட்டுமணிக்கு ஒமாஹாவில் தடை. சத்தம் எழுப்பும் கருவியாம். மனிதன் வாயால் ஒன்பது இன்னிங்ஸும் நிறுத்தாமல் விசிலடித்தால் மட்டும் தடை இல்லை.

நாஷ்வில்_நந்தா | காலை 9.01

அந்த ஒரு விஷயத்தில் நான் உங்கள் கட்சி. எங்கள் ஸ்டேடியத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவன் நான்.

புல்பென்_பாபு | காலை 9.40

நியாயம், அநியாயம் எல்லாம் என்சிஏஏ-வோடு பேசிக்கொள்ளுங்கள். நான் நாள்காட்டியை வைத்துப் பேசுகிறேன். இந்த இறுதியை முடிவு செய்யப்போவது அதுதான் என்பது என் எண்ணம்.

லைட்டர் கடைசியாக வீசியது ஜூன் 21, திங்கள். எட்டு இன்னிங்ஸ், 15 ஸ்ட்ரைக் அவுட். என்சி ஸ்டேட்டின் டெரல் டேட்டம் அடித்த ஒரே ஹோம் ரன்னில் (சுவரைத் தாண்டும் அடி) 1-0 என்று தோற்றார். ஆக நாளைக்குச் சரியாக ஒரு வார ஓய்வு. புத்தம் புதுக் கையோடு வருவார்.

ராக்கர் வீசியது ஜூன் 25, வெள்ளி. அவர் திங்களும் வரமுடியாது, செவ்வாயும் வரமுடியாது. புதன் என்றால் இடையில் நான்கு நாள் ஓய்வு, அது போதும்.

அப்படியென்றால் செவ்வாய்? அங்கேதான் ஓட்டை. கல்லூரிப் பேஸ்பாலின் மிகப் பெரிய இரண்டு கைகள் அவர்களிடம் இருக்கலாம், மூன்றாவது கை அந்தத் தரத்தில் இல்லை. பள்ளியை முன்கூட்டியே முடித்துவிட்டு வந்த கிறிஸ்டியன் லிட்டிலுக்கு இன்னும் 17 வயதுதான். திறமை இல்லாதவன் என்று சொல்லவில்லை. ஆனால் 24,000 பேர் மெரூன் சட்டையில் கத்தும்போது 17 வயதுப் பையன் வீசும் இரண்டாவது இன்னிங்ஸ் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது நம் பக்கம். வில் பெட்னர் நேற்று, அதாவது 26-ஆம் தேதி வீசினார். புதன் அவரைக் கொண்டுவந்தால் மூன்றே நாள் ஓய்வு. குறைவுதான், ஆனால் முடியாததில்லை. அவருக்குப் பின்னால் லாண்டன் சிம்ஸ் மூன்று இன்னிங்ஸ் வீசினால் அன்றைய கதை முடிந்தது.

ஆகவே என் கணக்கு: திங்கள் போனால் போகட்டும். செவ்வாய் ஜெயித்தே ஆகவேண்டும். புதன் பெட்னரும் ராக்கரும் நேருக்கு நேர்.

மெரூன்_மாறன் | காலை 9.52

"போனால் போகட்டும்" என்பதை மட்டும் ஏற்க மாட்டேன் பாபு. முதல் ஆட்டத்தை விட்டுக்கொடுத்து இறுதியை ஆரம்பிப்பதா? 2013 இறுதியில் யுசிஎல்ஏ-விடம் முதல் நாள் 3-1, அடுத்த நாள் 8-0 என்று தோற்றோம். மூன்றாவது நாள் என்று ஒன்று வரவே இல்லை.

புல்பென்_பாபு | காலை 10.10

விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை அண்ணா. சிம்ஸைத் திங்களே எரித்துவிடாதீர்கள் என்கிறேன். ஆறாவது இன்னிங்ஸில் மூன்று ரன் பின்னால் இருந்தால், "இன்னும் முடியவில்லை" என்று உணர்ச்சிவசப்பட்டு நல்ல கைகளை உள்ளே அனுப்பக் கூடாது. யாருக்குக் குறைவான வேலை இருந்ததோ அவர்களை வைத்து ஒப்பேற்ற வேண்டும். புகழுக்காகச் சொல்கிறேன்: கிரிக்கெட்டில் வேகப்பந்து வீச்சாளர் நேற்று 20 ஓவர் போட்டிருந்தாலும் இன்று காலை மறுபடியும் புதுப்பந்தை வாங்கிக்கொள்வார். இங்கே நூறு பந்து முழு மூச்சில் வீசியவரை அடுத்த நாள் தொட மாட்டார்கள். தோளும் முழங்கையும் தாங்காது. அதனால் யார் என்றைக்கு வீசினார்கள் என்பதே பாதி ஆட்டம்.

புது_புகழ் | காலை 10.18

இப்போது புரிகிறது. இன்னொன்று கேட்கலாமா? குமார் ராக்கர் என்ற பெயரைப் பார்த்து ஊரிலிருந்து அம்மா "நம்ம பையனா அது?" என்று கேட்டார்கள். பதில் தெரியவில்லை.

ஸ்டார்க்வில்_செல்வி | காலை 10.30

அம்மா வழியில் இந்திய வம்சாவளி, அதனால்தான் குமார். அப்பா ட்ரேசி ராக்கர், 80-களில் ஆபர்ன் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து நட்சத்திரம். பையனின் தோளைப் பார்த்தாலே யார் மகன் என்று தெரியும். 2019-இல் முதலாம் ஆண்டு மாணவனாக, டியூக் அணிக்கு எதிராக ஒரு ஹிட் கூடக் கொடுக்காமல் 19 ஸ்ட்ரைக் அவுட் எடுத்தார். சூப்பர் ரீஜனல் (ஒமாஹாவுக்கு முந்தைய சுற்று) வரலாற்றிலேயே முதல் நோ-ஹிட்டர் அது. அந்த வருடம் வேண்டர்பில்ட் கோப்பையும் வாங்கியது, சிறந்த வீரர் விருதும் இவருக்குத்தான்.

அதே 2019 ஒமாஹாவில் அவர் நம்மையும் பதம் பார்த்தார், 6-3. எனக்கு அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை. அம்மாவிடம் "நம்ம பையன்தான், ஆனால் புதன்கிழமை மட்டும் இல்லை" என்று சொல்லுங்கள்.

நாஷ்வில்_நந்தா | காலை 10.44

அக்கா, ராக்கரைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட்டு லைட்டரைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். மார்ச் மாதம் சவுத் கரோலினாவுக்கு எதிராக முதல் ஆளுக்கு வாக் (நான்கு தவறான பந்துக்குக் கிடைக்கும் இலவச முதல் பேஸ்) கொடுத்தார். அதற்குப் பிறகு ஒருத்தரும் முதல் பேஸைத் தொடவில்லை. 16 ஸ்ட்ரைக் அவுட், நோ-ஹிட்டர். முன்னாள் மேஜர் லீக் பிட்சர் அல் லைட்டரின் மகன் என்று சும்மா சொல்லவில்லை.

புல்பென்_பாபு | காலை 11.15

லைட்டரின் ஆயுதம் உயரத்தில் வரும் ஃபாஸ்ட்பால். பந்து மேலே ஏறுவது போலவே பேட்டருக்குத் தோன்றும். உண்மையில் ஏறுவதில்லை, மற்றவர்கள் வீசுவதைவிடக் குறைவாக இறங்குகிறது, அவ்வளவுதான். ஆனால் கண் அதை நம்பாது. வழக்கமாக இறங்கும் இடத்தில் பேட்டைச் சுழற்றினால் பந்து ஓர் அங்குலம் மேலே போய்விடும். என்சி ஸ்டேட் ஆட்டத்தை மறுபடி பாருங்கள், அந்த 15 ஸ்ட்ரைக் அவுட்டில் எத்தனை பேர் பந்துக்குக் கீழே பேட்டை வீசிவிட்டு நடந்தார்கள் என்று.

மருந்து: மார்புக்கு மேலே வருவதைத் தொடாதே. சொல்வது சுலபம். அடுத்தது, தப்படி (ஃபவுல்) அடித்தாவது அவரை அதிகப் பந்து வீச வைப்பது. நம் ஸ்காட்டி டுப்ரூல் மாதிரி லேசில் ஸ்ட்ரைக் அவுட் ஆகாத ஆள் எட்டுப் பந்து, ஒன்பது பந்து என்று இழுத்தடித்தால் ஏழாவது இன்னிங்ஸில் அவர் வெளியே போவார். அதற்குப் பின் வருகிறவர்களை நாம் பார்த்துக்கொள்ளலாம்.

பேட்டிங்கில் அவர்கள் இங்கே யாரையும் நசுக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். அரிசோனாவை ஜெயிக்க 12 இன்னிங்ஸ் ஆனது, 7-6. என்சி ஸ்டேட்டிடம் பூஜ்யம். ஸ்டான்ஃபோர்டோடு ஒன்பதாவது இன்னிங்ஸில் பின்னால் இருந்து, கடைசியில் கேட்சர் கைக்கு எட்டாத ஒரு வைல்ட் பிட்சில் 6-5.

நாஷ்வில்_நந்தா | காலை 11.24

நீங்களும்தான் நசுக்கவில்லை. 2-1, 6-5, 4-3. வர்ஜீனியாவுக்கு எதிராக ஏழு இன்னிங்ஸ் முழுக்க ஒரு ஹிட் கூட இல்லாமல் நின்றது யார்?

மெரூன்_மாறன் | காலை 11.30

நாங்கள்தான். அப்புறம் எட்டாவதில் கெல்லம் கிளார்க் ஒரு ஹோம் ரன், டேனர் ஆலன் மூன்று ரன் ஹோம் ரன், 0-4 என்பது 6-4 ஆனதும் நாங்கள்தான். டெக்சாஸை முதலில் சந்தித்த அன்று பெட்னர் ஆறு இன்னிங்ஸில் 15, சிம்ஸ் மூன்றில் 6, மொத்தம் 21 ஸ்ட்ரைக் அவுட். ஒமாஹாவில் ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் அதற்கு முன் யாரும் அவ்வளவு எடுத்ததில்லை. லைட்டர், ராக்கர் என்று இரண்டு பெயரையே உலகம் உச்சரிக்கட்டும். மூன்றாவது பெயர் புதன்கிழமை தெரியும்.

ஸ்டார்க்வில்_செல்வி | பிற்பகல் 12.10

எல்லோரும் பிட்சர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். எனக்குப் பயம் வேண்டர்பில்ட்டின் என்ரிக்கே பிராட்ஃபீல்டின் கால்கள். முதலாம் ஆண்டுப் பையன், இந்த சீசனில் 40-க்கு மேல் பேஸ் திருடியிருக்கிறான். அவன் முதல் பேஸில் நின்றால் நம் பிட்சர் பாதிக் கவனத்தை அங்கே வைப்பார், மறு பாதியில் வீசும் பந்து நடுவில் போய் நிற்கும். ஒரு வாக், ஒரு திருட்டு, ஒரு சாதாரண சிங்கிள். வியர்க்காமல் ரன் வந்துவிடும்.

இரண்டு விஷயம் தெம்பு தருகிறது. நம் கேட்சர் லோகன் டேனரின் கை துப்பாக்கி மாதிரி. நம் பிட்சர்கள் கிறிஸ்டியன் மக்லௌட், ஹூஸ்டன் ஹார்டிங் இருவரும் இடதுகைக்காரர்கள். இடதுகைப் பிட்சர் வீசத் தயாராகும்போது அவர் முகம் முதல் பேஸைப் பார்த்தபடிதான் இருக்கும். ஓடுபவன் கண்ணோடு கண் பார்க்க வேண்டியிருக்கும், அதனால் அரை அடி உள்ளேதான் நிற்பான். அந்த அரை அடியில்தான் லோகன் எறியும் பந்து முந்தும். தவிர பிராட்ஃபீல்ட் இடதுகை பேட்டர், அவனுக்கும் இது வசதிப்படாது.

ஆகவே திங்களும் செவ்வாயும் இந்த இருவர் என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. எந்த வரிசையில் என்பதை நம் பயிற்சியாளர் லெமோனிஸ் பார்த்துக்கொள்ளட்டும்.

பழைய_புல்டாக் | பிற்பகல் 12.45

ஏப்ரலில் நாஷ்வில்லில் மூன்றில் இரண்டைப் பறிகொடுத்தோம். மே மாதம் ஹூவரில் நடந்த எஸ்இசி (நம் பிராந்தியக் கூட்டமைப்பு) போட்டியில் ஃபுளோரிடாவிடம் 13-1, டென்னசியிடம் 12-2 என்று தோற்றோம். இரண்டும் முழுதாக ஆடாமலே முடித்துவைத்த ஆட்டங்கள். அன்றைக்கு இதே இடத்தில் "சீசன் முடிந்தது" என்று எழுதியவர்களில் பாதிப் பேர் இன்று ஓய்வு நாள் கணக்குப் போடுகிறீர்கள்.

நான் வில் கிளார்க்கும் ரஃபேல் பால்மெய்ரோவும் ஒரே வரிசையில் பேட் செய்ததை நம் டூடி நோபிள் மைதானத்து இடதுபக்கச் சுவருக்குப் பின்னால் லாரியின் மேல் உட்கார்ந்து பார்த்தவன். 1985. பக்கத்தில் அடுப்பில் பன்றி விலா வெந்துகொண்டிருக்கும், பந்து சுவர் தாண்டி வந்தால் புகைக்குள் கையை விட்டுத் தேட வேண்டும். "இந்த வருடம் நிச்சயம்" என்றார்கள். இல்லை. 2013-இலும் இல்லை. பெண்கள் கூடைப்பந்து 2017-இல் இறுதி வரை போனது, இல்லை. 2018-இல் மறுபடியும் போனது, நோட்டர் டாம் கடைசி நொடியில் போட்ட பந்தில் போச்சு. எந்தக் குழு விளையாட்டிலும் இந்தப் பல்கலைக்கழகத்துக்கு இதுவரை ஒரு தேசியக் கோப்பை கிடையாது. ஒன்று கூட. அதனால் என்னை யாரும் அவநம்பிக்கைக்காரன் என்று சொல்ல வேண்டாம், எனக்கு அனுபவம் அதிகம், அவ்வளவுதான்.

மெரூன்_மாறன் | பிற்பகல் 1.05

ஐயா, பட்டியல் போட்ட நீங்கள் 2018-ஐப் பாதியில் விட்டுவிட்டீர்கள். அதே வருடம் பேஸ்பால் சூப்பர் ரீஜனலில் நாஷ்வில்லுக்கே போய் இதே வேண்டர்பில்ட்டைத் தட்டிவிட்டு ஒமாஹா வந்தோம். முதல் வார இறுதியோடு தலைமைப் பயிற்சியாளர் விலகி, இடைக்காலப் பயிற்சியாளர் கேரி ஹெண்டர்சனை வைத்துக்கொண்டு. டக்அவுட்டில் வாழைப்பழத்தைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்களே, அந்த அணி. அன்றைக்கு முதலாம் ஆண்டில் இருந்தவர்கள் ரவுடி ஜோர்டனும் டேனர் ஆலனும். 2020 டிராஃப்டை (தொழில்முறை அணிகள் வீரர்களைத் தேர்ந்தெடுப்பது) ஐந்து சுற்றாகச் சுருக்கினார்கள், இருவரும் திரும்பி வந்தார்கள். இன்று ஆலன் எஸ்இசி-யின் சிறந்த வீரர். வேண்டர்பில்ட் சட்டையைப் பார்த்து இந்த இருவரும் மிரள மாட்டார்கள்.

நாஷ்வில்_நந்தா | பிற்பகல் 1.20

2018 நினைவிருக்கிறது. மூன்றாவது ஆட்டம் 11 இன்னிங்ஸ். நான் அரங்கில் இருந்தேன், வாழைப்பழத்தைப் பார்த்தாலே இன்னும் கோபம் வரும்.

ஒரு கேள்வி: பெட்னரை மூன்று நாள் ஓய்வில் கொண்டுவந்து, மூன்றாவது இன்னிங்ஸிலேயே அவர் வேகம் குறைந்தால் என்ன செய்வீர்கள்? எங்கள் பயிற்சியாளர் டிம் கார்பின் ராக்கரை முழு ஓய்வோடு வைத்திருப்பார். இது உங்களுக்குச் சாதகமான பந்தயம் இல்லை.

புல்பென்_பாபு | பிற்பகல் 1.50

நல்ல கேள்வி. இரண்டு பதில்.

ஒன்று, பெட்னர் ஃபாஸ்ட்பாலை மட்டும் நம்பி வாழ்பவர் இல்லை. ஸ்லைடர் (பக்கவாட்டில் வளைந்து இறங்கும் பந்து) இருக்கிறது. வேகம் ஒன்றிரண்டு மைல் குறைந்தாலும் அந்த ஸ்லைடர் தாழ்வாக விழுந்தால் உங்கள் ஆட்கள் சுழற்றத்தான் செய்வார்கள்.

இரண்டு, ராக்கரும் களைத்த கைதான். பிப்ரவரியிலிருந்து வீசுகிறார், 19-ஆம் தேதியும் 25-ஆம் தேதியும் ஒமாஹாவில் வீசிவிட்டார், அதில் பின்னது பதட்டமான ஆட்டம். புதன் வந்தால் இந்தத் தொடரில் அவருக்கு மூன்றாவது. ஓய்வு நான்கு நாள் என்பது தாளில் நன்றாகத்தான் இருக்கும். அவருடைய ஸ்லைடர் தரையைத் தொட்டு முடியும்வரை யாரும் அடிக்க முடியாது. களைத்த கையில் அது பெல்ட் உயரத்திலேயே நின்றுவிடும். முதல் இரண்டு இன்னிங்ஸில் அது எங்கே விழுகிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

மைதானத்தையும் கணக்கில் எடுங்கள். ஒமாஹாவின் டிடி அமெரிட்ரேட் பார்க்கில் நடுப்பக்கச் சுவர் 408 அடி. கோடையில் தெற்கிலிருந்து காற்று அடித்தால் பந்து சுவருக்கு முன்னாலேயே செத்து விழும். ஹோம் ரன்னை நம்பி நிற்பவன் அங்கே ஏமாறுவான். சிங்கிள், பன்ட் (பந்தை மெதுவாகத் தட்டிவிடுவது), வாக் என்று நெய்வதற்கு நம் வரிசை தோது.

புது_புகழ் | பிற்பகல் 2.15

அப்படியென்றால் செவ்வாய்தான் முக்கியமான ஆட்டமா? எல்லோரும் திங்கள் டிக்கெட்டுக்கு அடித்துக்கொள்கிறார்கள்.

ஸ்டார்க்வில்_செல்வி | பிற்பகல் 2.24

அதே. திங்கள் தோற்றுவிட்டால் செவ்வாய் டிக்கெட்டை நம்ம ஆட்களே பாதி விலைக்குத் தள்ளுவார்கள், பார்த்துக்கொண்டே இரு. அப்போது வாங்கிக்கொள்.

நாஷ்வில்_நந்தா | பிற்பகல் 2.31

செவ்வாய் இரவே கோப்பையோடு நாஷ்வில் திரும்புவோம் என்று நான் விடுமுறை கேட்டிருக்கிறேன். புதன் காலை அலுவலகம்.

பழைய_புல்டாக் | பிற்பகல் 3.05

ஸ்டார்க்வில்லிலிருந்து இன்று மாலை ஆறு மணிக்குக் காரில் கிளம்புகிறேன். டுபெலோ, மெம்பிஸ், ஸ்பிரிங்ஃபீல்ட், கான்சஸ் சிட்டி வழி. 12 மணி நேரத்துக்கு மேல் ஆகும், ராத்திரி ஓட்டத்துக்கு இன்னொரு கை இருந்தால் நல்லது. பின் சீட்டில் இரண்டு இடம் காலி. அறை வியாழன் காலை வரை போட்டிருக்கிறேன், செவ்வாயே திரும்ப வேண்டும் என்பவர்கள் வேறு வண்டி பார்த்துக்கொள்ளுங்கள். மாட்டுமணி கொண்டுவர வேண்டாம், வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.